சோல் மமக்வாவின் உரையும் அதற்குள் இருந்த கேள்வியும்

2024 மே 28 அன்று ஒன்டாரியோ மாகாண சட்டமன்றத்தில் சோல் மமக்வா தன் தாய்மொழியில் பேசினார். மொழியின் பெயர் அனிஷினினீமோவின். ஆங்கிலத்தில் ஓஜி-கிரீ என்பார்கள். அதுவரை அந்த அவையில் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் மட்டும்தான் இடம். இவருக்காக அந்த வருடம் மார்ச்சில் நிலையியல் விதியைத் திருத்தினார்கள், மொழிபெயர்ப்பாளர்களை உட்கார வைத்தார்கள். அவருடைய அம்மா வந்திருந்தார். வடக்கிலிருந்து சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும் வந்து பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்தார்கள். உறைவிடப் பள்ளியில் இதே மொழியைப் பேசியதற்காகச் சோப்புப் போட்டு வாயைக் கழுவிய கதையையும் அவர் சொன்னார்.

தமிழ் வாசிக்கிற யாருக்கும் இந்த இடத்தில் தொண்டை அடைக்கும். மொழி என்றால் நமக்கு அப்படித்தான். ஆனால் அங்கேயே நின்றுவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த நாளைப் பற்றி நான் பார்த்த செய்திகளில் சோப்பும் அம்மாவும் கைதட்டலும் மேலே இருந்தன. அதே நாள், அதே மொழியில், கேள்வி நேரத்தில் அவர் முதல்வர் டக் ஃபோர்டிடம் கேட்ட கேள்வி கீழே எங்கோ கிடந்தது. அவர் கேட்டது ஸூ லுக்அவுட் என்ற ஊருக்கு வாக்களிக்கப்பட்ட முதியோர் பராமரிப்பு இல்லத்தைப் பற்றி. 76 படுக்கைகள். எப்போது கட்டுவீர்கள்?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். மமக்வாவின் தொகுதி கீவேட்டினூங். வடக்கில் என்றே பொருள் வரும் பெயர். 2018 தேர்தலுக்காகப் புதிதாக உருவாக்கிய தொகுதி, பூர்வகுடிகளே பெரும்பான்மை. பரப்பு கிட்டத்தட்ட 2,94,000 சதுர கிலோமீட்டர். பெரும்பாலான ஊர்களுக்கு வருடம் முழுக்க ஓடும் சாலை கிடையாது. விமானம், இல்லையென்றால் குளிர்காலத்தில் ஏரியும் சதுப்பும் உறைந்த பிறகு போடுகிற பனிச்சாலை. மமக்வாவின் சொந்த ஊரான கிங்ஃபிஷர் லேக் அப்படிப்பட்ட ஒன்றுதான். இந்த ஊர்களுக்கெல்லாம் மருத்துவமனை என்றால் ஸூ லுக்அவுட். அங்கே இடம் கிடைக்காத முதியவரைத் தூர நகரத்துக்கு அனுப்புகிறார்கள். அவர் பேசுவது அங்கே யாருக்கும் புரியாது, அவர் சாப்பிட்டு வளர்ந்த சாப்பாடும் அங்கே இருக்காது. அந்த மொழியை நன்றாகப் பேசத் தெரிந்தவர்களில் பலர் இந்த வயதுக்காரர்கள்தான். அதனால் படுக்கைக் கேள்வியும் மொழிக் கேள்விதான். அவையில் விதியைத் திருத்தினால் மட்டும் தீராத மொழிக் கேள்வி, கட்டடம் கட்ட வேண்டிய மொழிக் கேள்வி.

இன்னொன்று, இதில் அவருடைய சாமர்த்தியம் தெரிகிறது. அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருக்கலாம். அவருடைய தொகுதியில் உள்ள நெஸ்கன்டாகாவில் 1995 பிப்ரவரி முதல் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்ற அறிவிப்பு அமலில் இருக்கிறது. கனடாவிலேயே மிக நீண்ட அறிவிப்பு அதுதான். 2020 அக்டோபரில் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரிந்து ஊரையே தண்டர் பே நகருக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பரில்தான் திரும்பினார்கள். ஆனால் சட்டமன்றத்தில் இதைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: ரிசர்வ் நிலத்தில் தண்ணீர் ஒட்டாவாவின் பொறுப்பு. முதியோர் இல்லத்துக்கு அந்தக் கதவு கிடையாது. அனுமதியும் பணமும் மாகாணத்தின் கையில். பந்தை வேறு பக்கம் தள்ள முடியாத கேள்வியாகப் பார்த்து எடுத்து, அந்த நாளில், அந்த மொழியில் வைத்திருக்கிறார்.

பந்து தள்ளுவது என்று நான் லேசாகச் சொல்லிவிட்டேன். மனிடோபாவின் நார்வே ஹவுஸ் கிரீ சமூகத்தில் பிறந்த ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன் என்ற குழந்தையை வீட்டில் வைத்துப் பராமரிக்க யார் பணம் கொடுப்பது என்று மத்திய அரசும் மாகாணமும் வாதாடிக்கொண்டிருந்தன. ஐந்து வயதில், 2005-ல், ஒரு நாள்கூட வீட்டில் இருக்காமலே அவன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். முதலில் சேவை கொடு, கணக்கை அப்புறம் பார்த்துக்கொள் என்ற விதிக்கு அவன் பெயரை வைத்தார்கள். 2007 டிசம்பரில் நாடாளுமன்றம் அதை ஏற்றது. அது குழந்தைகளுக்கான விதி. முதியவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

ஒன்டாரியோ இதில் வெளியாளும் கிடையாது. 1905-06-ல் போட்ட 9-ஆம் ஒப்பந்தத்தில் மத்திய அரசோடு மாகாணமும் கையெழுத்திட்டது. மற்ற எண் ஒப்பந்தங்களில் மாகாணங்கள் இப்படி வந்து உட்காரவில்லை. மாகாணத்தின் சார்பில் போன ஆணையர் டேனியல் மக்மார்ட்டின் எழுதிய நாட்குறிப்பு பின்னாளில் கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுதி வைத்ததும் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் வழியாக வாயால் சொன்னதும் ஒன்றல்ல என்று பூர்வகுடிகள் வைக்கிற வாதத்துக்கு அந்த நாட்குறிப்பு பலம் சேர்க்கிறது. எழுத்தில் நிலம் முழுதும் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. பேச்சில், முன்போலவே வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம். ஆளுக்கு வருடம் 4 டாலர் என்று எழுதினார்கள், இன்றைக்கும் 4 டாலர்தான். மமக்வா தன் மொழியில் பேசி அது அவைக் குறிப்பில் ஏறியதை நான் இந்தப் பின்னணியில்தான் வாசிக்கிறேன். அது பண்பாட்டு நிகழ்ச்சி மட்டும் இல்லை. ஒரு பக்கத்து மொழியில் மட்டும் பதிவு வைத்ததன் விலை என்ன என்று அந்த ஊர்களுக்குத் தெரியும்.

அப்புறம் என்ன ஆயிற்று? சரியாக ஒரு வருடம் கழித்து, 2025 மே மாதக் கடைசியில், அதே உறுப்பினரை அதே அவையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். 5-ஆம் மசோதா விவாதத்தில் இருந்த நேரம். அமைச்சரவை சில இடங்களைச் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று அறிவித்து மாகாணச் சட்டங்களிலிருந்து விலக்குக் கொடுக்கலாம் என்கிற மசோதா அது. 'ரிங் ஆஃப் ஃபயர்' என்ற கனிம வளப் பகுதி மனதில் வைக்கப்பட்டிருந்தது, அது இவர் தொகுதிப் பக்கம். பூர்வகுடிகள் விஷயத்தில் முதல்வர் உண்மைக்கு மாறானதைச் சொல்கிறார் என்றார் மமக்வா. அவைத்தலைவர் வாபஸ் வாங்கச் சொன்னார். இவர் மறுத்தார். வெளியேற்றம். ஜூன் 4-ல் மசோதா நிறைவேறியது. அதே மாதம் பூர்வகுடிகள் கையேந்திக்கொண்டு வருவதாகப் பொருள்படும்படி ஃபோர்ட் செய்தியாளர்களிடம் பேசினார். மறுநாள் மன்னிப்பும் கேட்டார்.

சக உறுப்பினரைப் பொய்யர் என்று சொல்லக்கூடாது என்ற விதி எல்லாருக்கும் பொது, பழையது, அது இல்லையென்றால் அவை சந்தைக்கடைதான். சரி. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகணும் என்று ஒரு விதி உண்டா? இல்லை. கேள்விக்கு ஒரு நிமிடம், பதிலுக்கு ஒரு நிமிடம். பதில் கேள்வியைத் தொட்டதா என்று அவைத்தலைவர் பார்க்க மாட்டார். திருப்தி இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, அவை கலைகிற நேரத்தில் ஐந்து நிமிடம் பேசலாம், அவ்வளவுதான். வார்த்தை தடித்தால் தண்டிக்க வழி இருக்கிறது. பதில் நழுவினால் தண்டிக்க வழி இல்லை.

ஒட்டாவாவிலும் இதைப் பார்த்திருக்கிறோம். வடக்கு கியூபெக்கின் கிரீ உறுப்பினர் ரோமியோ சகனாஷ் 2018-ல் டிரான்ஸ் மவுன்டன் எண்ணெய்க் குழாய் பற்றிக் கேட்கும்போது, பூர்வகுடிகளின் உரிமை பற்றித் தனக்கு அக்கறையே இல்லை என்று பிரதமர் வெளிப்படையாகச் சொல்லிவிடலாமே என்றார். அதில் ஒரு கெட்ட வார்த்தை விழுந்தது. வார்த்தையை வாபஸ் வாங்கினார். மறுநாள் பேச்சு முழுக்க அந்த வார்த்தை, குழாய் பின்னுக்குப் போனது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பெயரை வைக்கணும்: எலைஜா ஹார்ப்பர். மனிடோபாவின் வடக்கிலிருந்து, ரெட் சக்கர் லேக்கிலிருந்து வந்த சட்டமன்ற உறுப்பினர். 1990 ஜூன். பூர்வகுடிகளைக் கேட்காமலே எழுதிய மீச் லேக் அரசியலமைப்புத் திருத்தத்துக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. விவாதத்தை வேகமாக எடுக்க அவையின் ஒருமனதான சம்மதம் தேவை. கழுகிறகைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் 'நோ' என்றார். நாள் மாற்றி நாள் அதையே சொன்னார். கெடு முடிந்தது, திருத்தம் செத்தது. அவர் சொன்னது ஆங்கில வார்த்தை, மொழிபெயர்ப்பாளர் யாரும் தேவைப்படவில்லை. அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒரு விதி நின்றது, அது போதுமாக இருந்தது.

மமக்வாவின் வார்த்தைக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. ஐ.நா. பூர்வகுடி உரிமைப் பிரகடனத்தை ஒன்டாரியோ சட்டமாக்க அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. அதே 2019-ல் பிரிட்டிஷ் கொலம்பியா அப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டது, 2021-ல் மத்திய அரசும். எனக்கு அவர் மேல் ஒரே ஒரு குறை உண்டு. உரையையும் கேள்வியையும் ஒரே நாளில் வைத்தது. உரைக்கு யாரும் எதுவும் செலவழிக்காமல் கை தட்டலாம், கேள்விக்குச் செலவாகும். இரண்டும் ஒன்றாக வந்தால் மக்கள் எதை எடுத்துக்கொள்வார்கள் என்பது தெரிந்ததுதானே. ஒரு வாரம் தள்ளி, மாடம் காலியாக இருக்கும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் கேட்டிருந்தால் கேள்வி தனியாக நின்றிருக்கும். அப்போது யாராவது அதைப் பற்றி எழுதியிருப்பார்களா என்று கேட்டால், அதுவும் நியாயம்தான்.

2025 பிப்ரவரித் தேர்தலில் கீவேட்டினூங் அவரையே திரும்ப அனுப்பியது. அதே மாதம் நெஸ்கன்டாகாவின் தண்ணீர் அறிவிப்புக்கு முப்பது வயதானது. ஏப்ரலில் அந்த ஊரின் மருத்துவ நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது, நோயாளிகளை மறுபடியும் விமானத்தில் ஏற்றினார்கள்.