எத்தனை ஏ.ஹெச்., எத்தனை மணித்தியாலம்

மார்கழித் திருவாதிரைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சிதம்பரம் வந்த ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கினார். முதல் நாள் இரவு கரண்ட் போனது. விளக்கு ஒரு கணம் அணைந்து உடனே எரிந்தது. அவர் மூலையிலிருந்த இன்வெர்ட்டரைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எத்தினை மணித்தியாலம் தாங்கும்?" என்றார்.

"நூத்தம்பது ஏ.ஹெச். ஐயா" என்றேன்.

"அது பற்றரியின்ர கணக்கு. நான் உங்கட வீட்டின்ர கணக்கைக் கேட்டனான்."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் மூன்று பேட்டரி வாங்கியிருந்தும் அந்தக் கணக்கை ஒருநாளும் போட்டதில்லை. கடலூரிலும் சிதம்பரத்திலும் எனக்குத் தெரிந்த பலர் வாங்கியதும் இப்படித்தான். கடைக்காரர் "எத்தனை ரூம் சார்? ரெண்டு ஃபேன், நாலு லைட்டா? நூத்தம்பது போட்டுடலாம்" என்பார். நாமும் தலையாட்டிவிட்டு, வாரண்ட்டி எத்தனை மாதம், பழைய பேட்டரிக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்போம். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) என்று வீட்டு பேட்டரியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் இருபது மணி நேரக் கணக்கு. ஏழரை ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால் இருபது மணி நேரத்தில் 150 கிடைக்கும் என்பது அதன் பொருள். பெட்டியில் 'சி20' என்று சிறிய எழுத்தில் இருக்கும். சோலாருக்கென்று விற்பவற்றில் 'சி10', அதாவது பத்து மணி நேரக் கணக்கு இருக்கும். வேகமாக எடுக்க எடுக்க ஈய பேட்டரி தன் கொள்ளளவைக் குறைத்துக்கொண்டே போகும்.

அந்த இரவே பெரியவர் ஒரு தாள் கேட்டு வாங்கிக் கணக்கைப் போட்டுக் காட்டினார். பழைய சீலிங் ஃபேன் இரண்டு 150 வாட். எல்.இ.டி. விளக்கு நான்கு 36. டி.வி. 60, வைஃபை 10. மொத்தம் 256 வாட். இன்வெர்ட்டர் தன் பங்குக்குச் சூடாக இழப்பதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 300 வாட் போக வேண்டும். 12 வோல்ட்டில் அது 25 ஆம்பியர். அந்த வேகத்தில் 150 என்பது 110, 120 அளவுக்கு இறங்கிவிடும். பேட்டரியை ஒட்ட வறட்டக் கூடாது. முக்கால் பங்கோடு நிறுத்துவது நல்லது. ஆக மூன்றரை மணி நேரம்.

பிறகு டி.வி.யை அடித்தார். ஃபேன் இரண்டையும் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் என்று மாற்றி எழுதினார். மொத்தம் 106 வாட். அதே பேட்டரி ஏறத்தாழ பத்து மணி நேரம் தாங்கும் என்று வந்தது. இன்னொரு பேட்டரி வாங்கும் காசில் இரண்டு ஃபேன் வாங்கி, டி.வி.யையும் அணைத்தால் நேரம் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. எந்தக் கடையிலும் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை.

இந்தக் கணக்கு அவருக்குக் கைவந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1990இல் போர் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோனது. ஆண்டுக்கணக்கில் அது திரும்பவில்லை. எரிபொருளோடு உலர் பற்றரியும் அரசின் தடைப்பட்டியலில் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். சைக்கிள் டைனமோ தருவது ஏறத்தாழ 6 வோல்ட், 3 வாட். செய்தி கேட்கக் கால் மணி நேரம் ஒருவர் சுற்ற வேண்டும். இரவில் ஜாம் போத்தலில் திரி போட்ட சிறு விளக்கு. மின்சாரத்தின் விலையைத் தோள்வலியால் அறிந்த தலைமுறை அது. எதற்கு வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும் என்ற இரண்டு கேள்வியும் அவர்களிடம் தானாக வருகின்றன.

அதே தலைமுறை 2022இல் மறுபடி இருட்டில் உட்கார்ந்தது, இம்முறை முழு இலங்கையோடும் சேர்ந்து. டொலர் இல்லை, டீசல் இல்லை, அணைகளில் நீர் இல்லை. அந்த மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களும் டீசல் வரிசையில் நின்றார்கள். பிறகு கட்டணம் ஏறியது: 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 விழுக்காடு, 2023 பிப்ரவரியில் மேலும் 66 விழுக்காடு. மாதாமாதம் பில் வரும் நாட்டில் இத்தனை ஏற்றம் வந்தபின் வீட்டுக்கு வீடு யூனிட்டை எண்ணினார்கள். பேட்டரியைப் பற்றியும் யூனிட்டிலேயே பேசினார்கள்.

நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 2016 முதல் அதில் முதல் 100 யூனிட் இலவசம். நெய்வேலியின் அனல்மின் நிலையங்கள் நம் மாவட்டத்துக்குள்ளேயே 1962 முதல் மின்சாரம் தருகின்றன. இலவச யூனிட் ஏழைக்கு உதவுகிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் வளராமல் போனதற்கு இந்த வசதியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

எண்ணாததற்கு நானே விலை கொடுத்தேன். 2012இல் சென்னைக்கு வெளியே மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். அந்த ஆண்டு வாங்கிய என் முதல் பேட்டரி பதினான்கு மாதத்தில் செத்தது. விற்ற கடையில் "தண்ணி ஊத்தலையா சார்?" என்றார்கள். டிஸ்டில்டு வாட்டர் மாதம் தவறாமல் ஊற்றியிருந்தேன். உண்மைக் காரணம் இப்போது புரிகிறது. வெட்டு நேரத்தில் வீடு எடுப்பது 25 ஆம்பியர். கரண்ட் வரும் நேரத்தில் சார்ஜர் தருவது 15 ஆம்பியர், அதிலும் இழப்பு உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு ஏ.ஹெச். கடன் விழும். 150 ஏ.ஹெச். பேட்டரி முழுதாக நிரம்பப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும்; அந்த ஆண்டு அது ஒருநாளும் நிரம்பவே இல்லை. அரைவயிற்றில் கிடக்கும் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதைவிடப் பெரிய பேட்டரி வாங்கியிருந்தாலும் அதே கதிதான். எடுப்பதைக் குறைத்திருக்க வேண்டும், அல்லது ஏற்றுவதைக் கூட்டியிருக்க வேண்டும்.

இலங்கைக்காரர்கள் தவறவில்லை என்று சொல்ல வரவில்லை. 2022இன் அவசரத்தில் பலர் கார் பற்றரியை வீட்டு யு.பி.எஸ்.ஸில் மாட்டினார்கள். கார் பேட்டரி, இன்ஜினைக் கிளப்பச் சில நொடி பெரிய மின்னோட்டம் தருவதற்கென்று மெல்லிய தகடுகளால் ஆனது. மணிக்கணக்காக வறட்டினால் சில மாதத்தில் முடிந்துவிடும். கூரை நிறையச் சூரியத் தகடு போட்டு மின்சார சபைக்கு விற்றவர்கள், நடுப்பகல் வெயிலிலும் இருட்டில் இருந்தார்கள். பொதுக் கம்பியில் மின்சாரம் நின்றால், கம்பியில் வேலை செய்பவரின் உயிருக்காக, அந்த அமைப்பு தானாகவே அணைந்துவிடும். பேட்டரியும் அதற்கேற்ற ஹைபிரிட் இன்வெர்ட்டரும் இருந்தால்தான் அது தனித்து ஓடும். நம்மூரிலும் கூரைச் சோலார் போடுகிறவர்கள் பலருக்கு இன்றும் இது தெரியாது.

கடலூர் மாவட்டத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு; மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை மட்டும் நினைத்து பேட்டரி வாங்குகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் நம் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. வாடகை ஜெனரேட்டரை மணிக்கணக்கில் அமர்த்தி மோட்டார் ஓட்டித் தண்ணீர் ஏற்றினோம். யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் வாளி போட்டு அள்ளுகிற கிணறு இருக்கிறது. நம் வீடுகளில் அது மூடப்பட்டு, நீர்மூழ்கி மோட்டார் போட்ட ஆழ்குழாய் இருக்கிறது. மோட்டாரைச் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்ட முடியாது, கிளம்பும்போது பல மடங்கு மின்னோட்டம் கேட்கும். புயல் எச்சரிக்கை வந்ததும் மேல்தொட்டியை நிரப்பி வைத்தால் அதுவும் சேமித்த மின்சாரம்தான்.

ஒரு வாரத்துக்கான பேட்டரி யாராலும் வாங்க முடியாது. ஒரு இரவுக்கு வாங்கி, பகலில் நிரப்பும் வழி வைப்பதே நடக்கக்கூடியது. 350 வாட் சூரியத் தகடு ஒன்று நல்ல வெயிலில் நாளுக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் தரும். பெரியவர் எழுதிய 106 வாட் பட்டியலுக்கு ஒரு இரவு அது போதும். தகட்டை போல்ட் கழற்றி இறக்கும்படி அமைத்து, புயலுக்கு முன் வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

லித்தியம் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். யூனிட்டில் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் 150 ஏ.ஹெச். ஈய பேட்டரி காகிதத்தில் 1.8 யூனிட், கையில் கிடைப்பது ஏறத்தாழ ஒன்று. 12.8 வோல்ட் 100 ஏ.ஹெச். லித்தியம் இரும்பு பாஸ்பேட் 1.28 யூனிட், அதிலும் கையில் கிடைப்பது ஒன்றுக்குச் சற்று மேல். எண்ணில் சிறியது வேலையில் சமம். விலை கூடுதல்தான், ஆனால் பல ஆயிரம் சுற்றுகள் உழைக்கும், வேகமாக நிரம்பும், தண்ணீர் கேட்காது. உங்கள் இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான அமைப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் மணிக்கணக்காக வெட்டுகிற ஊருக்கு லித்தியம்தான் சரி. மாதத்தில் இரண்டு நாள் மட்டும் கரண்ட் போகிற வீட்டுக்கு இன்னமும் டியூபுலர் ஈய பேட்டரியே போதும் என்பது என் கருத்து.

ஆனால் ஒரு காரணத்துக்காக, கரண்ட் அரிதாகப் போனாலும், தாழ்வான தெருவில் இருப்பவர்களுக்கு லித்தியத்தைச் சொல்வேன். 2015 நவம்பரிலும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை பெருகியபோதும், கடலூரில் வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது. டிராலியில் தரையோடு இருக்கும் பேட்டரிதான் அதில் முதலில் மூழ்கும். ஈய பேட்டரி ஒன்று ஐம்பது கிலோவுக்கு மேல். எச்சரிக்கை வந்தபின் வயதானவர்கள் இருவர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. லித்தியம் பதினைந்து கிலோவுக்குள். ஈயமே வைத்திருக்கிறீர்கள் என்றால், காற்றோட்டமுள்ள இடத்தில் இடுப்பளவு உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி, ஐப்பசி மழைக்கு முன்பே அதை ஏற்றி வைத்துவிடுங்கள்.