காதலுக்கு முன் ஃபுட்வர்க்

பூப்பந்தில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோமஸ் கிண்ணத்தை ஐந்து முறை வென்ற நாடு மலேசியா. 1992-இல் நெகாரா அரங்கில் இந்தோனேசியாவை 3-2 என்று சாய்த்த இரவைப் பற்றிக் காப்பார்ப் பெரிசுகளிடம் கேட்டால் இன்றும் ஆட்டம் ஆட்டமாகச் சொல்வார்கள். அதே 3-2 கணக்கில் 2014-இல் புது டெல்லி இறுதியாட்டத்தில் நம்மைச் சாய்த்தது ஜப்பான். அந்த ஜப்பானிலிருந்து கிளம்பிய ஒரு பூப்பந்துக் கதை இப்போது நம் பிள்ளைகளின் கைப்பேசியில் ஓடுகிறது. பெயர் ‘புளூ பாக்ஸ்’. காதல் நகைச்சுவை மங்காதான், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. ஆனாலும் விளையாட்டுப் பக்கத்தில் அலச வேண்டிய சரக்கு.

கோஜி மியுரா இதை 2021 ஏப்ரலில் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் தொடங்கினார். ‘டிராகன் பால்’, ‘நருட்டோ’ என்று அடிதடிக்குப் பேர்போன இதழ் அது. 2024 அக்டோபரில் 25 பாக அனிமேயாக நெட்ஃபிலிக்சுக்கும் வந்துவிட்டது. நாயகன் டைகி பூப்பந்து வீரன். அவன் விரும்பும் சினாட்சு ஒரு வகுப்பு மூத்தவள், கூடைப்பந்து வீராங்கனை. அவள் அப்பாவுக்கு வெளிநாட்டில் வேலை. குடும்பம் கிளம்புகிறது. அணியை விட மனமில்லாமல் சினாட்சு மட்டும் தங்கிவிடுகிறாள், அதுவும் டைகியின் வீட்டிலேயே. இருவரின் அம்மாக்களும் ஒரு காலத்தில் ஒரே அணியில் கூடைப்பந்து ஆடியவர்கள்.

ஒரே கூரை, இரண்டு மனசு என்றதும் மற்ற கதைகள் எங்கே போகும் என்பது நமக்குத் தெரியும். கதவு தவறித் திறக்கும், கைகால் இடறும், பத்து அத்தியாயம் கூத்தாக ஓடும். மியுரா அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. சினாட்சு தங்கியதே தேசியப் பள்ளிப் போட்டியான இன்டர்-ஹைக்காக. காதலைச் சொன்னால் அவள் கவனம் கலையுமே என்று டைகி வாயை மூடிக்கொண்டு மட்டையைத் தூக்குகிறான். அவள் பக்கத்தில் நிற்க வேண்டுமானால் தானும் இன்டர்-ஹைக்குப் போயாக வேண்டும் என்று முடிவு கட்டுகிறான். மூத்த மாணவன் ஹர்யூ பயிற்சியில் அவனை வாட்டி எடுக்கிறான். இவனும் சளைக்காமல் மறுநாள் விடியலில் வந்து நிற்கிறான்.

டைகி மனசைப் பறிகொடுத்த இடத்தைப் பாருங்கள். நடுநிலைப் பள்ளியின் கடைசிப் போட்டியில் சினாட்சுவின் அணி தோற்றுவிடுகிறது. மறுநாள் காலை காலியாகக் கிடக்கும் மண்டபத்தில் அவள் தனியாக வளையத்துக்குப் பந்து போட்டுக்கொண்டிருக்கிறாள். கண்ணில் தண்ணீர், கை மட்டும் நிற்கவில்லை. டைகி விழுந்தது அவள் அழகில் மட்டுமல்ல, அந்தப் பிடிவாதத்தில்.

இந்தத் தொடரின் ஆட்டத் திட்டமே அதுதான். யார் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்பதை வைத்தே ஆளை நமக்குப் பிடிக்க வைக்கிறார் மியுரா. சீரிசை ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஹினா இதற்கு நல்ல உதாரணம். டைகியின் வாயாடித் தோழி, அவனைச் சீண்டிக்கொண்டே விரும்புபவள். கோடை விழாவில் மனசைத் திறக்கிறாள். பிற்பாடு அவளுக்குக் கிடைப்பது மறுப்பு. வேறொருவர் கையில் இவள் வில்லியாகியிருப்பாள், இல்லையேல் ஓரங்கட்டப்பட்டிருப்பாள். இங்கே தோற்ற பக்கத்துக்கும் முழு மரியாதை. அவள் அழுவதற்கும், மறுபடி பயிற்சிக்குத் திரும்புவதற்கும் கதை நேரம் ஒதுக்குகிறது. டைகிக்கும் சலுகை கிடையாது. காதலிக்கிறான் என்பதற்காக முதல் ஆண்டிலேயே இன்டர்-ஹை டிக்கெட்டை யாரும் கையில் கொடுத்துவிடவில்லை.

இன்னொரு பலம், கடிகாரம். ஜப்பானியப் பள்ளிகளில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் கடைசிப் போட்டியோடு மன்றத்திலிருந்து விலகிவிடுவார்கள். சினாட்சுவுக்கு மிச்சமிருக்கும் காலம் டைகியைவிட ஓராண்டு குறைவு. ஐந்தாம் படிவம் வந்ததும் எஸ்பிஎம் தேர்வைக் காட்டி மட்டையைப் பிடுங்கி அலமாரியில் வைத்த வீடுகளுக்கு இந்த அவசரம் நன்றாகவே புரியும். நேரம் குறைவு என்பதால்தான் காலையில் சொல்லும் ஒரு வணக்கம்கூடக் கதையில் கனமாக விழுகிறது.

பாதை புதிதல்ல. மிட்சுரு அடாச்சி 1981 முதல் 1986 வரை வரைந்த ‘டச்’, பேஸ்பாலையும் காதலையும் இப்படித்தான் பின்னியது. மியுரா ஓடுவது அதே தடத்தில்தான்.

குறை இல்லாமல் இல்லை. பூப்பந்துக்காக மட்டும் திறப்பவருக்கு ஏமாற்றம் உண்டு. நீளமான ரேலி, வலையோரத் தந்திரம், எதிராளியின் பேக்ஹேண்டைக் குறிவைக்கும் கணக்கு எல்லாம் அளவாகத்தான் வரும். அதற்கு ‘ஹனேபாடோ’ என்ற பூப்பந்து மங்கா இருக்கிறது. இங்கே ஷட்டில் பறக்கும்போதும் மியுராவின் கண் ஆடுபவரின் முகத்தில்தான். காதல் நகரும் வேகமும் நிதானம். பொறுமை இல்லாதவர் பாதியில் எழுந்து போகலாம்.

ஆனால் முகத்தைப் பார்க்கும் பழக்கம் ரசிகர்களான நமக்கும் உண்டு. நம் மகளிர் இரட்டையர் பேர்லி டான் - தீனா முரளிதரன் ஜோடி 2022-இல் காமன்வெல்த் தங்கம் வென்றபோது கைதட்டினோம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜப்பான் ஜோடியிடம் வெண்கலத்தைக் கோட்டைவிட்டு நான்காம் இடத்தோடு திரும்பியபோதுதான் அவர்கள் நம் வீட்டுப் பெண்களானார்கள். மறு ஆண்டே அதே பாரிஸில் உலக வெற்றியாளர் போட்டி, வெள்ளியோடு வந்தார்கள். அந்தத் தோல்வியைப் பார்க்காதவருக்கு இந்த வெள்ளி வெறும் இரண்டாம் இடம். டைகியும் ஹினாவும் பக்கத்துக்குப் பக்கம் சம்பாதிப்பது இதே வகைப் பாசத்தைத்தான்.

பிள்ளை காதல் கதை படிக்கிறானே என்று கவலைப்படும் காப்பார்ப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்தக் கதையில் காதலைச் சொல்ல எடுக்கும் துணிச்சலைவிட விடியற்காலையில் எழுவதற்குத்தான் அதிக மரியாதை. நாளைக்கு அவன் ஆறு மணிக்கு எழுப்பிவிடச் சொன்னால், காரணம் கேட்காமல் எழுப்பிவிடுங்கள்.