ராஜா இலை

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு வார்த்தைமேல் எனக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது. பேசில்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடிந்து, ரூமில் நாலு பேர் காசு போட்டு பீட்சா வாங்கியிருந்தோம். மேலே வதங்கிப்போன ஒரே ஒரு இலை. கசக்கி மூக்குக்குக் கொண்டுபோனேன். அட, இது பாட்டி வீட்டுக் கிணற்றடி வாசனை! திருநீற்றுப்பச்சிலை! "டேய், பேசில்டா அது" என்றான் ஒருத்தன். "எங்க ஊர்ல பேசில்னு கூப்பிட்டா நாலு பேராவது திரும்பிப் பார்ப்பான்" என்று சிரித்தார் கோதமங்கலத்துச் சேட்டன். அங்கே அடக்கமாகியிருக்கும் எல்தோ மார் பசேலியோஸ் பாவா பெயராம். 'மின்னல் முரளி' எடுத்த பேசில் ஜோசஃபும் இதே பெயர்க்காரர்தானே!

அப்புறம் எங்கே தூக்கம்? கிரேக்கத்தில் பசிலியஸ் என்றால் ராஜா, பசிலிக்கோன் என்றால் ராஜாவுக்குரியது. நாம் மரத்தை அரசமரம் என்றோம், அவன் செடியை அரசச்செடி என்றிருக்கிறான், அவ்வளவுதான்! நினைத்துப் பாருங்கள், சாந்தோம் பசிலிக்கா இருக்கிறதே, அதுவும் இதே வேர், ராஜ மண்டபம் என்று அர்த்தம், அதோடு விட்டதா, பார்வையாலேயே கொல்லும் பசிலிஸ்க் பாம்பு என்று ஒரு கதை, தலையில் கிரீடம் மாதிரி குறி இருந்ததால் அதற்குக் 'குட்டி ராஜா' என்று பெயர், லத்தீன்காரன் பாம்பையும் இலையையும் ஒன்றாகக் குழப்பி, அந்த விஷத்துக்கு இந்த இலைதான் மருந்து என்று வேறு நம்பியிருக்கிறான், விடியற்காலை நாலு மணிக்குச் சேட்டனை உலுக்கி எழுப்பி இதைச் சொன்னேன், தலையணை பறந்து வந்தது!

அடுத்த அமாவாசைக்குத் திருவள்ளூர் போனேன். வீரராகவர் கோயில் குளத்தில் ஜனங்கள் வெல்லம் கரைக்கிறார்கள். கூட்டம் கொஞ்சம் நெருக்கித்தள்ளியது, போகட்டும். 'எவ்வுள்' படுப்பது என்று பெருமாள் ரிஷியிடம் கேட்டாராம், அதனால் திருஎவ்வுள். ஊர்ப்பெயரே ஒரு கேள்வி! தீர்த்தம் கொடுத்த பட்டாச்சாரியார், "திருத்துழாய் வாங்கிக்கோங்கோ" என்றார். துளசி இல்லை சார், துழாய்! ஆழ்வார்கள் வாயில் புழங்கிய சொல், அந்த ழகரத்தோடு, இன்றைக்கும், என் உள்ளங்கையில்! ஈர இலை, கிராம்பும் மிளகும் கலந்த மாதிரி ஒரு காரம், அப்படியே சிலிர்த்துவிட்டது. ஒரே இனத்துச் செடிகள்தான் இரண்டும், ஒன்று பெருமாள் மார்பில் ஏறிவிட்டது, இன்னொன்று திருநீற்றுப்பச்சிலை, உருத்திரச்சடை என்று பெயரிலேயே சிவன் பக்கம் போய்விட்டது. செடியிலும் சைவ வைணவம்!

வெளியே வந்து ரோஸ்மில்க் வாங்கினேன். மேலே வழுவழுவென்று ஊறிய சப்ஜா. அது திருநீற்றுப்பச்சிலை விதைதான், பாரசீகத்தில் பச்சை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். கடைக்காரரிடம், "அண்ணே, இது ராஜா விதை, தெரியுமா?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எக்ஸ்ட்ரா போட்டா அஞ்சு ரூபா" என்றார்.

போடச் சொன்னேன்.