பாரதி எந்தக் கட்டத்தில்?

பாட்டு ஃபைல்களுக்கு டேக் போட மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்டை மிஞ்ச இலவச மென்பொருள் இல்லைன்னுதான் சொல்வேன். சினிமா சிடி என்றால் ஒலியைக் கேட்டே அடையாளம் கண்டு வருஷம், பாடகர் எல்லாம் நிரப்பிடும். கேசட்டிலிருந்து ஏற்றிய கச்சேரியிடம் தோற்கும். அந்த ஒலிரேகையை யாராவது முன்பே பதிந்திருக்கணுமே.

என் குறை வேறு. புதுச்சேரியில் பத்து வருஷம் (1908–1918) இருந்த பாரதியை என் ஹார்ட் டிஸ்க்கில் தேடினால் பாதிதான் கிடைக்கிறார். கச்சேரி ஃபைலில் 'கம்போசர்' கட்டத்தில் இருப்பார். 2000-இல் வந்த 'பாரதி' படத்தில் அந்த இடம் இளையராஜாவுக்கு. கவிஞருக்கென்று ஐடி3-இல் தனிக் கட்டம் உண்டு. ஆனால் எனக்கு வந்த ஃபைல்களில் அது காலி, என் போன் பிளேயர் அதைக் காட்டுவதும் இல்லை. இதில் பிக்கார்டைத் திட்டிப் பயனில்லை. மெட்டும் சொல்லும் ஒருவருடையதாகவே இருக்கும் என்ற எண்ணம் 'கம்போசர்' என்ற சொல்லிலேயே ஒட்டியிருக்கு.

ராகத்துக்குக் கட்டமே கிடையாது. நாமே பெயர் வைத்துச் சேர்க்கணும். (பழைய ஐடி3 முதல் பதிப்பில் பாடகர் பெயருக்கு 30 பைட்தான். யூடிஎஃப்-8-இல் 'தியாகராஜர்' என்று எழுதினாலே சரியாக 30 தீர்ந்துடும்!) மியூசிக்பிரைன்ஸ் தரவுத்தளத்தில் இப்போது கர்நாடக ராகம், தாளம் இரண்டுக்கும் இடம் இருக்கு. பார்சிலோனாவின் காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டம் கர்நாடக இசைத் தகவலை அங்கேதான் சேர்த்தது.

நான் இப்போது எல்லா ஃபைலிலும் கவிஞர் கட்டத்தைத்தான் முதலில் நிரப்புறேன். கச்சேரி ஃபைலானாலும் சரி.