கணனியில் ஓடும் வாகனம்: ஒரு விமர்சன நோக்கு

கவிதையியலார் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் 'போலச்செய்தல்' என்னும் சொல் இன்று வாகனப் பொறியியலுக்கும் பொருந்துவதாயிற்று. முதற்பிரதி பட்டறையில் உருப்பெறுமுன்னரே வாகனம் கணனியில் ஓடிவிடுகின்றது. மேட்டில் ஏறுகின்றது, வளைவில் சாய்கின்றது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வுகளிலிருந்து கிளைத்து, 1977இல் தொடங்கப்பட்ட நிறுவனமொன்றினாற் பரப்பப்பட்ட 'அடம்ஸ்' இவ்வகை மென்பொருள்களுள் பெயர்பெற்றது. இவை வரையும் வளையிகள் அழகியன. அவ்வளையிகளுள் எது விளக்கம், எது வெறும் வருணனை என்பது பெரும்பாலும் வினவப்படுவதில்லை.

சில்லுகளின்மீது உடலைத் தாங்கும் வில்லமைப்பைப் பொறுத்தவரை மென்பொருள் தருவது விளக்கமே. வாகனத்தின் காற்பங்கை மட்டும் கொண்ட எளிய மாதிரியில் இரு திணிவுகள், இரு விற்கள், ஒரு தணிப்பான் என்பனவே உள. உடல் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு தடவையும், சில்லு பத்துத் தடவைக்குச் சற்று மேலாகவும் அதிரும் என்பதை அது காட்டிவிடும். வில்லை மென்மையாக்கினாற் பயணிக்குச் சுகம். ஆனால் வளைவில் உடல் மிகுதியாகச் சாயும். காரணமும் காரியமும் நியூற்றனின் விதிகளாற் பிணைக்கப்பட்டிருத்தலின், விடை பிழைப்பின் பிழை எங்கே என்று தேடிக் காணலாம்.

ரயரின் கதை வேறு. சுக்கானின் கட்டளை யாவும் உள்ளங்கையளவான நான்கு தொடுபரப்புகளின் வழியாகவே தரையை அடைகின்றன. சுக்கானுக்கு வாகனம் பக்கவாட்டில் எவ்வாறு இணங்கும் என்பதை லெனார்ட் சீகல் 1956இல் ஆராய்ந்தபோது, வழுக்கற் கோணத்துக்கு நேர்விகிதமாகப் பக்கவிசை பெருகுமெனக் கொண்டார். மிதமான ஓட்டத்துக்கு அது போதும். ஆபத்தான ஓட்டத்துக்குப் போதாது. 1987இல் டெல்வ்ற் பல்கலைக்கழகத்தின் பாசெய்க்காவும் வொல்வோ நிறுவனத்தாரும் சைனையும் நேர்மாறு தான்சனையும் கோத்து ஒரு சூத்திரம் அமைத்தனர். அதற்கு வழங்கும் பெயரே 'மந்திரச் சூத்திரம்' என்பது. நேர்மையான பெயர்தான்! இறப்பர் ஏன் அவ்வாறு நடக்கின்றதென அது கூறுவதில்லை. சோதனைப் பொறியில் அளந்த புள்ளிகளுக்குப் பொருந்துமாறு குணகங்கள் தெரிவுசெய்யப்படுகின்றன. புது ரயரில், உலர்ந்த பரப்பில் அளந்த குணகங்களைத் தேய்ந்த ரயருக்கும் நனைந்த சாலைக்கும் இட்டாலும் மென்பொருள் தயங்காது. அதே நான்கு தசமதானங்களுடன் விடை தரும். குறை சூத்திரத்தினதன்று, அதனை இயற்கை விதியெனப் படிப்போரது.

மற்றொரு குறை வினாவைச் சார்ந்தது. 1997 ஒக்டோபரில் சுவீடனின் வாகனச் சஞ்சிகையொன்று நடத்திய சோதனையில், திடீரெனக் குறுக்கிடும் காட்டுமானைத் தவிர்ப்பதுபோல இருபுறமும் விரைந்து திருப்பப்பட்ட மேர்சிடிஸ் பென்ஸ் 'ஏ' வகைக் கார் கவிழ்ந்தது. விநியோகம் நிறுத்தப்பட்டு, வில்லமைப்பும் ரயரும் மாற்றப்பட்டு, இலத்திரனியல் உறுதிநிலைக் கட்டுப்பாடும் சேர்க்கப்பட்டது. சீரான வட்டத்தில் ஓட்டிப் பார்ப்பது ஒரு வினா. முதற் திருப்பத்திற் சாய்ந்த உடல் மீளும்போதே எதிர்த் திருப்பம் வந்து சேர்வது முற்றிலும் வேறொரு வினா. முன்னையதற்குச் சரியான விடை தரும் மாதிரி, பின்னையதை எவரும் கேளாதவரை மௌனமாகவே இருக்கும்.

2002இல் இத்தகைய தவிர்ப்போட்டம் ஐ.எஸ்.ஓ. 3888 நியமத்தின் இரண்டாம் பகுதியாயிற்று. கணனியிலும் அது ஓட்டிப் பார்க்கப்படுகின்றது. அங்கு சுக்கானைப் பிடிப்பதும் ஒரு சமன்பாடே. அச் 'சாரதி'க்கு எவ்வளவு தாமதமும் திகைப்பும் அளிக்கப்பட்டன, ரயர் எத்தரையில் எவ்வெப்பநிலையில் அளக்கப்பட்டது என்பனவற்றை வளையிக்கு அருகிலேயே எழுதாத ஆய்வேட்டைப் பரீட்சகர்கள் திருப்பி அனுப்புதல் தகும்.