காதுக்குள் ஒரு பழைய வீடு

இரவு பதினொன்றே கால் மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துபோய்த் திறந்து பார்த்தேன். தெருவிளக்கும் அதனடியில் சுருண்டு கிடந்த நாயும்தான் தெரிந்தன. திரும்பி வந்து கதையைப் பத்து விநாடி பின்னுக்குத் தள்ளிக் கேட்டேன். தட்டல் அங்கேதான் இருந்தது: லண்டன் பேட்டர்ஸீ பகுதியில், விக்லிஃப் சாலை 63ஆம் எண் வீட்டில்.

அதே தொடரின் முந்தைய பகுதியை முதல் நாள் இரவு நாய்ஸ் கேன்சலேஷன் உள்ள இயர்பட்ஸில் கேட்டிருந்தேன். அதிலும் தட்டல்கள் உண்டு. இன்னும் துல்லியமாகவே கேட்டன. ஆனால் நாற்காலியை விட்டு எழத் தோன்றவில்லை. தொடரும் போனும் அறையும் ஒன்றுதான். மாறியது காதில் இருந்த கருவி மட்டும். பேய்க்கதை கேட்க எது நல்ல கருவி என்று மூன்று வாரம் இரவுகளில் உட்கார்ந்து சோதித்ததற்கு அந்தத் தட்டல்தான் காரணம்.

எடுத்துக்கொண்ட கருவிகள்

முதலாவது, சென்ஹைசர் எச்டி 560எஸ். 2020இல் வந்த, கம்பி உள்ள ஹெட்போன். அறிமுக விலை 199 டாலர். எடை 240 கிராம். இது ஓப்பன்-பேக் வகை: காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைக்கப்படாமல் வலைபோலத் திறந்திருக்கும். உள்ளே இருக்கும் ஒலிபெருக்கியும் காதுக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்த்துப் பொருத்தப்பட்டது. இரண்டாவது, நாய்ஸ் கேன்சலேஷன் உள்ள ஒரு ஜோடி இயர்பட்ஸ். மூன்றாவது, உள்ளங்கையில் அடங்கும் சிறிய புளூடூத் ஸ்பீக்கர்.

கேட்ட கதைகளும் மூன்று விதம். டேனி ராபின்ஸ் 2021இல் பிபிசிக்காகத் தொகுத்த ‘தி பேட்டர்ஸீ போல்டர்கைஸ்ட்’ நாடகமும் விசாரணையும் கலந்த தொடர். 1956இல் ஒரு சிறுமியின் தலையணைமேல் கிடந்த சாவியில் தொடங்கி, 12 ஆண்டுகள் ஒரு குடும்பத்தை அலைக்கழித்ததாகச் சொல்லப்படும் சம்பவங்களைப் பற்றியது. அடுத்தது ‘தி ஸ்டோன் டேப்’. நைஜல் நீல் எழுதி 1972 கிறிஸ்துமஸ் அன்று பிபிசி தொலைக்காட்சியில் வந்த நாடகம். பீட்டர் ஸ்ட்ரிக்லேண்ட் அதை 2015 அக்டோபர் 31 அன்று ரேடியோ 4இல் பைனாரல் ஒலியில் வானொலி நாடகமாக்கினார். மூன்றாவது, தன்னார்வலர்கள் புத்தகங்களை வாசித்து இலவசமாகத் தரும் லிப்ரிவாக்ஸில் உள்ள, ஆங்கிலப் பேய்க்கதை எழுத்தாளர் எம்.ஆர். ஜேம்ஸின் கதைகள். அவற்றில் இசையும் இல்லை, சத்தச் சேர்க்கைகளும் இல்லை. ஒரே ஒரு குரல்தான்.

நிசப்தம் செய்யும் கெடுதல்

பேய்க்கதைக்கு நிசப்தம் வேண்டும் என்று நினைத்துத்தான் இயர்பட்ஸை முதலில் எடுத்தேன். வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு எதிரான அலையை உண்டாக்கி அழிப்பது அதன் வேலை. மின்விசிறி, ஏசி போல விடாமல் ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலிகளை அது நன்றாகவே துடைத்துவிடுகிறது. கிசுகிசுப்பு, மூச்சு, துணி உரசல் எல்லாம் கண்ணாடிபோலத் தெளிவு.

ஆனால் எல்லாம் தலைக்குள்ளேயே நடந்தது. காதுத் துவாரம் அடைபட்டிருப்பதால் எச்சில் விழுங்குவதும் தாடை அசைவதும்கூடப் பெரிதாகக் கேட்டன. கதையின் வீட்டுக்கும் நான் உட்கார்ந்திருந்த வீட்டுக்கும் நடுவே ஒரு தொடர்பும் இல்லை. மூன்று வாரத்தில் இயர்பட்ஸோடு நான் திடுக்கிட்டது ஒரே ஒரு முறை. அதுவும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வீட்டில் ஒருவர் தோளைத் தொட்டபோது. அந்தப் பயத்தில் கதைக்குப் பங்கில்லை.

எச்டி 560எஸ்ஸில் இது தலைகீழ். வலை வழியே என் வீடும் உள்ளே வருகிறது. குளியலறைக் குழாயின் சொட்டு, பக்கத்து வீட்டு மோட்டார், மாடியில் நாற்காலி நகர்வது எல்லாமே மெலிதாகக் கேட்கின்றன. கதையில் ஒரு படி முனகினால் அது பேட்டர்ஸீயிலா, நம் மாடிப்படியிலா என்று ஒரு நொடி மனம் தடுமாறுகிறது. ஆவி உலவும் இடங்களைப் பற்றிய கதைகளின் உயிரே அந்த ஒரு நொடிதான். அலறலும் திடீர் இசையும் உடம்பை உலுக்கலாம், அதோடு முடிந்துவிடும். ‘இந்த இடத்தில் ஏதோ இருக்கிறது’ என்ற எண்ணத்துக்கு முதலில் ஓர் இடம் வேண்டும்.

பின்னாலிருந்து வரும் காலடி

‘தி ஸ்டோன் டேப்’ கதை கருவி விரும்பிகளுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். ஒலியைப் பதிய புதிய ஊடகம் தேடும் மின்னணு ஆய்வாளர்கள் ஒரு பழைய மாளிகையில் குடியேறுகிறார்கள். அங்குள்ள ஒரு கல் அறை, எப்போதோ அங்கே இறந்த பெண்ணின் அலறலைத் தனக்குள் பதிந்து வைத்திருப்பதாக அவர்களுக்குப் படுகிறது. டேப்பைத் தேடிப்போனவர்களுக்குச் சுவரே டேப்பாகக் கிடைக்கிறது.

இதைப் பைனாரல் ஒலியில் செய்தது பொருத்தமான முடிவு. பைனாரல் பதிவில் மனிதத் தலை வடிவப் பொம்மையின் இரண்டு காதுகளிலும் மைக் வைப்பார்கள். ஒலி ஒரு காதை அடைந்து மறு காதை அடைய ஆகும் தாமதம் அதிகபட்சம் ஒரு மில்லி விநாடியில் முக்கால் பங்குகூட வராது. அந்தச் சிறு வேறுபாட்டையும் காதுமடலின் வளைவுகள் ஒலியில் செய்யும் மாற்றத்தையும் வைத்தே திசையை மூளை கணக்கிடுகிறது. பொம்மைத் தலை இவை இரண்டையும் சேர்த்தே பதிந்துகொள்கிறது.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. பொம்மையின் காது நம் காது அல்ல. நாம் தலையைத் திருப்பினால் கேட்கும் உலகமும் கூடவே திரும்பிவிடுகிறது. அதனால் முன்னால் நடப்பதும் பலருக்குப் பின்னால் நடப்பதுபோலக் கேட்கும். இசைக் கச்சேரிக்கு இது இடைஞ்சல். பேய்க்கதைக்கோ வரம். எச்டி 560எஸ்ஸில் கேட்கும்போது குரல்கள் தலையை விட்டு வெளியே போய் நின்றன. காலடிகள் பெரும்பாலும் என் பிடரிப் பக்கமே வந்தன. இயர்பட்ஸில் இடம் வலம் சரியாகத் தெரிந்தது, ஆனால் தூரம் சுருங்கிவிட்டது. ஸ்பீக்கரில் பைனாரல் கேட்பதில் பயனில்லை. வலக் காதுக்கானது இடக் காதுக்கும் போய்விடுவதால் திசை குழம்பிவிடும்.

எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

இந்த ஹெட்போன் 6 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று விவரக் குறிப்பு சொல்கிறது. பேய்க்கதை விரும்பிகளுக்கு இந்த எண் ஆசை காட்டும். காரணம், பொறியாளர் விக் டேண்டி 1998இல் வெளியிட்ட கட்டுரை. இங்கிலாந்தில் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்தபோது அவருக்குக் காரணமில்லாத கலக்கமும் கண்ணோரத்தில் சாம்பல் நிற உருவமும் தோன்றின. மறுநாள் பட்டறைப் பிடியில் மாட்டியிருந்த வாள்வீச்சுக் கத்தி தானாகவே அதிர்வதைப் பார்த்து, புதிதாக மாட்டிய காற்று வெளியேற்றும் விசிறிதான் சுமார் 19 ஹெர்ட்ஸ் அலையை எழுப்புகிறது என்று கண்டுபிடித்தார். மனிதக் காதின் எல்லையான 20 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே இருக்கும் ஒலி அது.

ஆனால் அங்கே அதிர்ந்தது முழு அறை. ஹெட்போன் காதை மட்டுமே அசைக்கும், நெஞ்சை அசைக்காது. 6 ஹெர்ட்ஸ் என்ற எண்ணுக்காக இதை வாங்காதீர்கள். திறந்த முதுகுக்காக வாங்குங்கள்.

சின்ன ஸ்பீக்கர் வென்ற இடம்

எம்.ஆர். ஜேம்ஸ் கதைகளுக்கு ஹெட்போன் தோற்றது. ஒற்றைக் குரல் காதோடு ஒட்டிக்கொண்டபோது பாடம் வாசிப்பதுபோல இருந்தது. ஸ்பீக்கரை அறையின் எதிர் மூலையில் ஓர் அலமாரிமேல் வைத்து, ஒலியைப் பேச்சளவுக்குக் குறைத்தேன். குரலுக்கு உடனே ஓர் இடம் கிடைத்தது. யாரோ அங்கே உட்கார்ந்து சொல்வதுபோல் ஆனது. வீட்டில் நான்கு பேர் சேர்ந்து கேட்கவும் இதுவே வழி.

நம்மூர்ப் பேய்க்கதைகளையும் கேட்டேன். சொல்பவர்களின் குரலில் குறையில்லை. ஆனால் பலவற்றில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நாய் ஊளை, இடி, கிறீச்சிடும் கதவு என்று எங்கிருந்தோ எடுத்த சத்தங்கள் விடாமல் ஓடுகின்றன. கதை நடக்கும் ஊர் மாறினாலும் கதவு மாறுவதில்லை. இதற்கு மாற்றாக, 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலய இடிபாட்டில் ஒருவர் இரண்டு காதிலும் சிறிய மைக்கை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றால் போதும். அங்கே மாண்டவர்கள் நிஜ மனிதர்கள். அவர்களைப் பேயாக்கிக் கதை கட்ட வேண்டாம். அந்தக் காற்றையும் கடலையும் நேர்மையாகப் பதிந்து தந்தால் அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

வாங்கலாமா?

தினமும் பஸ்ஸிலோ ரயிலிலோ கேட்பவருக்கு எச்டி 560எஸ் உதவாது. வெளிச்சத்தம் உள்ளே வரும், கதையின் சத்தம் வெளியே போகும். கம்பி 3 மீட்டர். முனை பெரியது, போனில் செருக அடாப்டர் வேண்டும். பயணத்துக்கு இயர்பட்ஸே சரி. ஏற்கெனவே ஸ்பீக்கர் வைத்திருப்பவர் ஒற்றைக் குரல் கதைகளை அதிலேயே கேட்கலாம். புதிதாகச் செலவு வேண்டாம். இரவில், வீட்டில், ஒலி நாடகங்களை ஆழ்ந்து கேட்பவருக்கு மட்டும் ஓப்பன்-பேக் ஹெட்போன் கொடுத்த பணத்துக்குத் தகும்.

கிசுகிசுப்பு சரியாகக் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டாதீர்கள். அடுத்து வரும் அலறல் காதைப் பதம் பார்க்கும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

கடைசியாக, உட்காரும் இடம். மூன்று வாரமும் சுவரில் முதுகைச் சாய்த்தே கேட்டேன்; கடைசி இரவு மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். நீங்களும் விளக்கை அணைத்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் இருக்கும் கதவைத் திறந்து வைத்து உட்காருங்கள்.