யந்திரங்களின் கூத்தும் மனிதரின் குரலும்

மேல்வகுப்பு மாணவன் ஒருவன் சில வாரங்களுக்கு முன்னர் தன் கைத்தொலைபேசியில் ஓர் ஒளிப்பதிவைக் காட்டினான். வெட்டவெளி ஒன்றில் இரும்புக் கைகள் கொண்ட யந்திரங்கள் ஒன்றையொன்று தாக்குகின்றன; தீப்பிழம்பு கக்குகின்றன; ஊளையிடுகின்றன. அரங்கில் மனிதர் ஒருவரேனும் இல்லை. “இதுவும் கலையா, சேர்?” என்று கேட்டான். “முதலாளித்துவத்தின் அழுகல்” என ஒரு வாக்கியத்திற் சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். அந்த விடை போதாதென்பதை அன்றிரவே உணர்ந்தேன். முற்போக்காளராகிய நாம் ஆராயாமலே தீர்ப்பளிக்கும் பழக்கத்துக்கு எளிதில் ஆளாகிறோம். அன்று சொன்ன விடையைத் திருத்தும் முயற்சியே இக்கட்டுரை.

உழைப்பின் அசைவிலிருந்தே தாளம் பிறந்தது என்ற கருத்தை ஜேர்மனியப் பொருளியலறிஞர் காள் பியூகர் 1896 இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவ முயன்றார். ஏற்றம் இறைத்தவனும் நாற்று நட்டவளும் பாடிய பாட்டை அறிந்த நமக்கு இக்கருத்து புதிதன்று. அங்கே தாளத்தை வகுத்தது மனித உடல். ஆலையிலோ தாளத்தை வகுப்பது யந்திரம். உடல் அதற்குப் பின்னால் ஓடுகிறது. யந்திரத்தின் பேரோசையில் தொழிலாளியின் பாட்டு அமுங்கிப்போயிற்று. அவ்வாறாயின், அப்பேரோசையையே கலையாக்க முடியுமா? முடியுமெனில் அது யாருடைய கலை?

இவ்வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருவகை விடைகள் கிடைத்தன. இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ, 1913 இல், ஆலையின் இரைச்சலே புதிய இசைக்கு மூலப்பொருள் என்று அறிக்கை விடுத்து, ஓசை எழுப்பும் கருவிகளையும் அமைத்தார். அவர் சார்ந்திருந்த எதிர்காலவாத இயக்கம் 1909 ஆம் ஆண்டின் தன் முதல் அறிக்கையிலேயே போரைப் போற்றியது. அதன் தலைவர் மரினெற்றி பின்னர் பாசிசத்தின் பக்கம் சேர்ந்தார். யந்திரத்தை இயக்குபவனை மறந்து யந்திரத்தை மட்டும் வழிபட்டவர்கள் சென்றடைந்த இடம் அது. மற்றைய விடை பாகு நகரில் கிடைத்தது. அக்டோபர்ப் புரட்சியின் ஐந்தாம் ஆண்டு நிறைவாகிய 1922 நவம்பர் 7 ஆம் நாளன்று, ஆர்செனி அவ்ராமோவ் என்ற இசையமைப்பாளர் ஆலைச் சங்குகள், கப்பல்களின் ஊதல்கள், புகைவண்டிகள், பீரங்கிகள் யாவற்றையும் மக்களின் கூட்டுப்பாடலுடன் இணைத்து, நகரம் முழுவதையும் ஓர் இசைக்கருவியாக்கினார். வேலைக்கு விரட்டிய சங்கை விழாவுக்கு அழைக்கும் சங்காக மாற்றியதே அதன் பொருள்.

அரை நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தில் ‘தொழிற்சாலை இசை’ என்ற பெயர் எழுந்தபோது நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. யந்திரங்கள் வரும் காலமன்று அது, போகும் காலம். ஆலைகள் மூடப்பட்டன, துறைமுகங்கள் வெறிச்சோடின. ‘திறொபிங் கிறிசில்’ என்ற குழுவினர் 1976 இல் இலண்டனில் ‘இன்டஸ்ற்றியல் றெக்கோட்ஸ்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தை அமைத்தனர். அதன் பெயரே பின்னர் ஓர் இசை வகையின் பெயராயிற்று. அந்நிறுவனத்தின் இலச்சினை அவுஷ்விற்ஸ் வதைமுகாமின் படமாகும். ஆலைக்கும் வதைமுகாமுக்கும் உறவுண்டு என்பது மெய், ஐ.ஜி. பார்பன் என்ற இரசாயன முதலாளிக் கூட்டு, அம்முகாமின் கைதிகளை வைத்தே மொனோவிற்சில் தன் ஆலையைக் கட்டியது. ஆனால் அந்த முதலாளியின் பெயரைச் சொல்லாது படத்தை மட்டும் காட்டுவது அறிவைத் தூண்டாது. மயிர்க்கூச்செறியச் செய்வதோடு நின்றுவிடும். கொடுமையின் சின்னம் காரணத்திலிருந்து பிரிக்கப்பட்டால் அணிகலனாகிவிடுகிறது. இவ்விசைக்குப் பின்வந்த இரசிகர் சிலர் இராணுவச் சீருடையையே அழகென்று அணிந்தமை இதற்குச் சான்று.

என் மாணவன் காட்டிய கூத்து அமெரிக்காவைச் சேர்ந்தது. மார்க் போலின் என்பவர் 1978 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு குழுவை அமைத்தார். அதன் பெயரை ‘உயிர்பிழைத்தல் ஆராய்ச்சிக் கூடங்கள்’ எனத் தமிழாக்கலாம். கைவிடப்பட்ட ஆலைகளின் கழிவிரும்பைக் கொண்டு தொலைவிலிருந்து இயக்கப்படும் யந்திரங்களை அவர்கள் செய்தனர். தொழில், விஞ்ஞானம், இராணுவம் என்பவற்றின் கருவிகளை உற்பத்தியிலிருந்தும் போரிலிருந்தும் விலக்கி வேறு வழியில் திருப்புவதே தம் நோக்கம் என்று அவர்கள் சொல்கின்றனர். இந்நோக்கத்தை நான் இகழமாட்டேன். வீசியெறியப்பட்டதை எடுத்துச் செப்பனிடும் கைத்திறன் மதிக்கத்தக்கது. இலாபத்துக்கன்றி வேறெதற்கும் இயங்காத யந்திரத்தைப் பயனின்றி இயக்கிக் காட்டுவதில் ஓர் எள்ளலும் உண்டு. 1982 இல் நேர்ந்த வெடிவிபத்தொன்றில் போலின் தம் வலக்கை விரல்களை இழந்தார். ஆகவே இதனை வெறும் பொழுதுபோக்கென்று சொல்லவும் முடியாது.

எனினும் அந்த அரங்கில் யார் இல்லை என்பதை நோக்குக. அந்த யந்திரங்களோடு ஒருகாலத்தில் மல்லுக்கு நின்ற தொழிலாளி இல்லை. யந்திரம் தானாகவே வெறிகொள்வதாகக் காட்டுவது, அதனை ஏவுகின்ற கையை மறைப்பதாகும். போர் யந்திரமும் தானாகப் பறந்து வருவதில்லை. அதைச் செய்து விற்பவன் ஒருவன், ஏவுபவன் ஒருவன். காதை அடைத்துக்கொண்டு பாதுகாப்பான தூரத்தில் நின்று பார்க்கும் பார்வையாளருக்கு அவ்வோசை ஒரு புதிய அனுபவமாகலாம். 2009 வரை பதுங்குகுழிகளில் எறிகணை ஓசையைக் கேட்டிருந்தவர்கள் வாழும் நாட்டில் அதைப் புதுமையென்று வியக்க எனக்கு இயலவில்லை. அவர்களுக்கு அவ்வோசை எதன் குறியீடுமன்று.

இவ்வியக்கம் முழுவதும் இந்த ஊமைத்தனத்துக்குள் அடங்கிவிட்டது என்று முடிவுசெய்தால் மீண்டும் தவறிழைத்தவனாவேன். மேற்கு பேர்லினில் 1980 இல் தோன்றிய ‘இடிந்துவிழும் புதுக்கட்டடங்கள்’ என்னும் பொருளுடைய பெயர்கொண்ட குழுவினர், துளைகருவியையும் தகரத்தையும் வாத்தியமாக்கினர். அவர்களிடம் மனிதக் குரல் இருந்தது; ஆயினும் அது தனிமனிதனின் அலறலாகவே நின்றது. அதைக் கடந்து சென்றவர்கள் 1981 இல் தென்கிழக்கு இலண்டனில் ஒன்றுசேர்ந்த ‘ரெஸ்ற் டிப்பாட்மென்ற்’ குழுவினர். பாழடைந்த தொழிற்பகுதிகளிற் பொறுக்கிய இரும்பை அவர்கள் கூட்டாக அறைந்தனர். 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் தச்சர் அரசாங்கத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, வேலைநிறுத்தஞ் செய்த தென் வேல்ஸ் தொழிலாளரின் பாடற்குழுவோடு தோளோடு தோள் நின்று இசைத்தட்டொன்றை வெளியிட்டனர். இரும்பின் அறைவோசைக்கு அருகே சுரங்கத்தொழிலாளரின் கூட்டுப்பாடல் ஒலித்தது. அந்த வேலைநிறுத்தம் தோற்றது, சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் அந்த இசைத்தட்டில் ஓசைக்கு உரியவர் யார் என்பது ஐயத்துக்கு இடமின்றிப் பதிவாகியுள்ளது. பாகுவில் வெற்றியின் விழாவாக ஒலித்தது இங்கே தோல்வியின் விளிம்பில் ஒலிக்கிறது. இரண்டிலும் மனிதர் இருக்கின்றனர்.

ஆகவே ஓசை இனிமையா இன்னாமையா என்பது நமது அளவுகோலன்று. இன்னாத வாழ்வு இன்னாத ஓசையை வேண்டி நிற்கலாம். அவ்வோசை அதனை உண்டாக்கிய உறவுகளை நம் காதுக்குக் கொண்டுவருகிறதா, மறைக்கிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

நேற்று அம்மாணவனை அழைத்து, “கலைதான் தம்பி, ஆனால் பாதிக் கலை. மற்றப் பாதியையும் கேள்” என்று சொல்லி, அந்தச் சுரங்கத்தொழிலாளரின் பாடலைப் போட்டுக்காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “இவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது, சேர்?” என்றான். முதல்நாள் அவன் கேட்ட கேள்வியிலும் பார்க்க இது நல்ல கேள்வி.